கோல் ஷீட், குரூப் 4, மாங்காய்க் கடன்: மூன்றையும் வைத்துக்கொண்டு குறிக்கோள் போடுவது எப்படி?

சிஷிப்ட்_காரன் (ராயக்கோட்டை)

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அப்ரைசல் நேரம். இந்த முறை 'கோல் ஷீட்' என்று வருட இலக்குகளை எழுதும் ஒன்பது வரித் தாள் ஒன்றை சூப்பர்வைசரே நிரப்பிவிட்டு, கையெழுத்து மட்டும் போடச் சொல்கிறார். முதல் வரியே "உற்பத்தியை 10% உயர்த்த வேண்டும்". சைக்கிள் டைமை, அதாவது ஒரு பீஸ் வெட்ட ஆகும் நேரத்தை, புரோகிராமில் பூட்டி வைத்திருக்கிறார்கள், நான் தொடவே முடியாது. அப்புறம் எங்கிருந்து 10%?

வீட்டுப் பக்கம் இன்னொரு கதை. குரூப் 4 எழுத வேண்டும். அப்பா தோட்டத்துக்கு வாங்கிய கடனை மாங்காய் விற்று அடைக்கலாம் என்று இருந்தோம், இந்த வருடம் காய்ப்பு இல்லை. ஜனவரி ஒன்றாம் தேதி டைரியில் "தினமும் காலை 5 மணிக்கு எழுந்து 2 மணி நேரம் படிப்பு" என்று எழுதினேன். சி ஷிப்ட், அதாவது இரவு ஷிப்ட், முடிந்து வீட்டுக்கு வரவே காலை ஏழரை ஆகிறது. இப்போது அந்த டைரியில் அம்மா பால் கணக்கு எழுதுகிறார்.

குறிக்கோள் வைப்பது எப்படி என்று தேடினால் எல்லாம் ஏ.சி. அறையில் உட்காருபவர்களுக்கு எழுதியதாக இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

---

வெற்றிப்படிக்கட்டு (கிருஷ்ணகிரி)

எழுதி வையுங்கள் ப்ரோ! 1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் 3% மாணவர்கள் மட்டும் குறிக்கோளை எழுதி வைத்தார்கள். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் மீதி 97% பேரின் மொத்தச் சொத்தை விட அந்த 3% பேரின் சொத்து அதிகம்! எழுதினால் நடக்கும்!

---

பழைய_நூலகர் (தருமபுரி)

அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை, தம்பி. 1996-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை விசாரித்தபோது, தங்களிடம் அப்படி எதுவும் இல்லை என்று யேலே சொல்லிவிட்டது. மேடைக்கு மேடை பரவிய கதை.

நடந்த ஆய்வு ஒன்று சொல்கிறேன், அதில் லாரி வருகிறது, நம் ஊருக்குப் பொருந்தும். அமெரிக்காவில் ஓக்லஹோமாவில் மரம் ஏற்றும் லாரிகள். சட்டப்படி ஏற்றக்கூடிய எடையில் சுமார் 60% தான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்று சொல்லிப் பார்த்தும் அதே நிலைதான். பிறகு 94% என்று ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்கள். கூடுதல் சம்பளம் இல்லை, புது லாரி இல்லை. சில மாதங்களில் 90% அளவுக்கு வந்துவிட்டது. லேதம், பால்டஸ் என்ற இருவர் 1975-ல் வெளியிட்டது. எட்வின் லாக் இதே விஷயத்தை ஆய்வுக்கூடத்தில் முன்பே காட்டியிருந்தார்: தெளிவான, கொஞ்சம் கடினமான எண், "முடிந்ததைச் செய்" என்பதை விட நன்றாக வேலை செய்யும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். எவ்வளவு ஏற்றுவது என்பது அந்த ஓட்டுநர்கள் கையில் இருந்தது. சிஷிப்ட் தம்பிக்குக் கொடுத்த 10% அவர் கையில் இல்லை. இரண்டும் எண்தான், ஆனால் ஒரே ரகம் இல்லை.

---

கேஜ்_மாஸ்டர் (ஓசூர்)

நூலகர் ஐயா சரியாகப் பிடித்தார். நான் குவாலிட்டியில் இருந்து ஓய்வு பெற்றவன், இந்தத் தாள்களை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

தம்பி, உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முறைத்துக்கொண்டும் வராதீர்கள். தாளின் கீழே 'குறிப்பு' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கும், யாரும் அதில் எழுத மாட்டார்கள். நீங்கள் எழுதுங்கள்.

என்ன எழுதுவது? சைக்கிள் டைம் பூட்டியிருக்கிறது, சரி. ஆனால் எட்டு மணி நேர ஷிப்டில் மெஷின் உண்மையில் வெட்டுவது எவ்வளவு நேரம்? இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்ற நிற்கிறது. ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) போட நிற்கிறது. முதல் பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் வரிசையில் நிற்கும்போது அதுவும் நிற்கிறது. வெட்ட வேண்டிய பார் (உலோகக் கம்பி) வரவில்லை என்று ஸ்டோருக்கு நடக்கிறீர்கள், அப்போதும்தான். ஒரு பார்ட் நம்பரின் கடைசி நல்ல பீஸ் விழுந்ததிலிருந்து அடுத்த பார்ட் நம்பரின் முதல் நல்ல பீஸ் விழும்வரை போகிற நேரத்தைத்தான் செட்டிங் டைம் என்கிறோம். அதில் கணிசமான பகுதியை, முந்தைய வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்து வைக்கலாம். அடுத்த ஜாவை (பீஸைப் பிடிக்கும் தாடையை) எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைப்பது, டூலை ஹோல்டரில் ஏற்றுவது, அளவு பார்க்கும் கேஜை மாஸ்டர் துண்டோடு ஒப்பிட்டு வைப்பது. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியர் இதை வைத்தே பெரிய பிரஸ் டை மாற்றும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவந்தார்.

ஆக, முதலில் ஒரு வாரம் எதுவும் மாற்றாமல், மெஷின் நின்ற நேரத்தையும் காரணத்தையும் மட்டும் ஒரு சீட்டில் குறியுங்கள். அந்தச் சீட்டோடு போய் சூப்பர்வைசரிடம், "சார், செட்டிங் டைம் என் பொறுப்பு, இவ்வளவு குறைக்கிறேன். பார் நேரத்துக்கு வருவது ஸ்டோர் பொறுப்பு, முதல் பீஸ் பார்க்க ஆள் கொடுப்பது குவாலிட்டி பொறுப்பு" என்று சொல்லுங்கள். குறிக்கோள் 'ஸ்மார்ட்'டாக இருக்க வேண்டும் என்று ஐந்து எழுத்துக்கு ஐந்து நிபந்தனை சொல்கிறார்களே, 1981-ல் ஜார்ஜ் டோரன் அதை எழுதியபோது ஐந்து நிபந்தனைகளில் ஒன்று "இதை யார் செய்வது" என்பதுதான். பிற்பாடு வந்தவர்கள் அதை எடுத்துவிட்டு "அடையக்கூடியது" என்று போட்டுக்கொண்டார்கள். பொறுப்பு மேலே போகாமல் இருக்க நல்ல வசதி.

இன்னொன்று. தர மேலாண்மை அறிஞர் டெமிங்கின் பெயர் தெரியாத ஃபேக்டரி ஓசூரில் கிடையாது. டி.வி.எஸ். மோட்டார் 2002-ல் டெமிங் பரிசே வாங்கியது. அந்த டெமிங் சொன்ன பதினான்கு அம்சங்களில், தொழிலாளிக்கு எண்ணிக்கை இலக்கு வைப்பதை ஒழியுங்கள் என்பதும் ஒன்று. குறைகளில் பெரும்பகுதி அமைப்பில் இருக்கிறது, ஆளிடம் இல்லை என்பது அவர் வாதம். அவர் படத்தை மாட்டி வைத்திருக்கும் சுவரிலேயே ஆளுக்கு ஆள் இலக்குப் பட்டியலும் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

---

தவணைக்காரன் (பர்கூர்)

குறிக்கோள் எல்லாம் மாதம் முடிந்தும் கையில் பணம் மிஞ்சுகிறவனுக்கு. எனக்கு வண்டித் தவணை 5-ஆம் தேதி, குழுக் கடன் வாராவாரம், பள்ளிக் கட்டணம் ஜூனில். என் குறிக்கோளை எல்லாம் அடுத்தவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தேதியும் போட்டு, தொகையும் போட்டு. இதைவிடத் தெளிவான குறிக்கோள் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

---

குழு_அக்கா (காரிமங்கலம்)

தவணைக்காரன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் எது அதிக வட்டி என்று ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? சத்தம் போடுகிறவனுக்கு முதலில் கட்டுகிறோம். வட்டி அதிகம் உள்ளவன் பல நேரம் சத்தம் போடாமல் இருப்பான். எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் கட்டிவிட்டு, கூடுதலாக வரும் நூறு இருநூறை அதிக வட்டிக்கு மட்டும் போடுங்கள். இது ஒன்றையாவது நீங்களே எழுதிய குறிக்கோளாக வைத்துக்கொள்ளலாமே.

---

பட்டுக்கூடு (பாலக்கோடு)

நான் பட்டுப்புழு வளர்ப்பவன். ஏ.சி. அறை இல்லை, ஆனால் புழு மனையில் சூடும் ஈரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் கிட்டத்தட்ட அதே கதைதான்.

ஒரு விஷயம் சொல்கிறேன். வருடக் குறிக்கோளை எல்லாரும் பன்னிரண்டால் வகுக்கிறார்கள். மாதம் இத்தனை பக்கம், மாதம் இத்தனை ரூபாய். வேலை அப்படி நடக்காது. புழு ஐந்து பருவம் வளரும், நாலு முறை தோலுரிக்கும். மொத்தத் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் கல்யாணம் காட்சி என்று போக முடியாது, இரவிலும் தழை போட வேண்டும். முதல் பருவத்தில் இருக்கும்போதே, கடைசி வாரத்துக்குத் தோட்டத்தில் தழை நிற்குமா, வெட்ட ஆள் கிடைக்குமா என்று பார்த்து வைப்பவன்தான் கூடு எடுப்பான். தினமும் சமமாக உழைக்கிறேன் என்று கணக்குப் போடுபவன் கடைசி வாரம் தழைக்கு ஊர் ஊராக அலைவான்.

அதோடு, தருமபுரி அங்காடியில் கூட்டுக்கு என்ன விலை போகும் என்பதை நான் குறிக்கோளில் சேர்ப்பதே இல்லை. அது ஏலம். மனையை பிளீச்சிங் போட்டுச் சுத்தம் செய்தேனா, புழுவுக்கு இடம் விட்டுப் பரப்பினேனா, தோலுரிக்கும்போது தழையை நிறுத்தினேனா, இதுதான் என் பக்கம். விலை நன்றாகப் போனால் சந்தோஷம்.

உங்கள் அப்பா மாங்காயும் அப்படித்தான். மாமரம் ஒரு வருடம் கொட்டினால் அடுத்த வருடம் கையை விரிப்பது வழக்கம். காய்ப்பு வருடத்தில் வரும் பணத்தில் காயாத வருடத்துத் தவணையையும் எடுத்து வைத்தால்தான் அந்தக் கடன் அடையும். "மாங்காய் விற்று அடைப்போம்" என்பதில் எந்த வருட மாங்காய் என்று இல்லையே.

---

கவுண்டர்_3 (ஊத்தங்கரை)

வங்கியில் வேலை, எந்த வங்கி என்று கேட்காதீர்கள். மார்ச் வந்தால் எங்களுக்குக் காப்பீட்டு இலக்கு. நகைக் கடன் வாங்க வந்த விவசாயியிடம் ஒரு பாலிசியைத் தள்ளினால்தான் எண் நிறையும். அவர் அடுத்த வருடம் பிரீமியம் கட்ட மாட்டார், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் தாளில் அடுத்த வருடம் என்ற கட்டமே கிடையாது.

இதைப் பெரிய அளவில் செய்த கதைதான் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ. கிளை ஊழியர்களுக்கு ஆள் ஒன்றுக்கு இத்தனை கணக்கு என்று நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டது வெளியே வந்து, 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். எண்ணை எழுதியவர்கள் பலர் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் நாற்காலியில்தான் இருந்தார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-லேயே எச்சரித்தது இதைத்தான்: அளவுகோலையே இலக்காக்கினால் அது அளவுகோலாக இருப்பதை விட்டுவிடும்.

அதனால் நூலகர் ஐயா சொன்ன லாரிக் கதையை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எண் வேலை செய்யும். அதுதான் ஆபத்தும்.

---

கேஜ்_மாஸ்டர் (ஓசூர்)

மேடம் சொன்னது எங்கள் ஷாப் ஃப்ளோரிலும் நடக்கும். ரிஜெக்‌ஷன் சதவீதத்தைக் குறை என்று மட்டும் இலக்கு கொடுங்கள், மறுநாளே, கழித்த பீஸ் போடும் சிவப்புத் தொட்டி காலியாகிவிடும், திருத்த வேண்டிய பீஸ் போடும் மஞ்சள் ரீவொர்க் தொட்டி நிரம்பி வழியும். சிவப்பும் மஞ்சளும் சேர்த்து எண்ணினால்தான் உண்மை தெரியும். எந்த இலக்கு வைத்தாலும், அதைத் திருட்டுத்தனமாக நிறைவேற்ற வேண்டும் என்றால் எப்படிச் செய்வேன் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த ஓட்டையை அடைக்க இரண்டாவது எண் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள்.

---

சிஷிப்ட்_காரன் (ராயக்கோட்டை)

எல்லாருக்கும் நன்றி. சீட்டில் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் இவ்வளவு நேரம் போகிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. படிப்புக்கு என்ன செய்வது? குரூப் 4 பாஸ் ஆக வேண்டும் என்பதுதான் குறிக்கோள், அதில் என்ன தவறு?

---

அ_பதிவேடு (அரூர்)

தம்பி, நான் அந்தத் தேர்வு எழுதித்தான் கிராம நிர்வாக அலுவலர் ஆனேன். "பாஸ்" என்பதைப் பாதி மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். காலியிடம் எத்தனை, எத்தனை பேர் உங்களை விட அதிகம் எடுத்தார்கள், இட ஒதுக்கீட்டில் கட்டாஃப் எங்கே நின்றது. இதெல்லாம் நமக்குப் பட்டு அங்காடி விலை மாதிரிதான்.

நம் கையில் உள்ளது வேறு. 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் தமிழ் 100 கேள்வி, 150 மதிப்பெண். தமிழில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவு 75 கேள்வி, திறனறிவு 25 கேள்வி. வேலைக்குப் போகிறவர் தொடங்க வேண்டிய இடம் தமிழ்தான். ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகம், எல்லை தெரிந்த பாடம். திறனறிவில் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுப் பழகினால் பெரும்பாலும் அதே மாதிரிக் கணக்குகள்தான் வரும். பொது அறிவுக்குக் கரையே கிடையாது, அதைக் கடைசியில் வையுங்கள். கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் முன், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவச வகுப்பு நடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து நேரம். "தினமும் காலை 5 மணி" என்பது ஷிப்ட் மாறுகிறவருக்கு ஆகாத பேச்சு. உங்களுக்கு மூன்று விதமான வாரம் இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஏ ஷிப்ட் வாரம்: கம்பெனி பஸ்ஸில் திரும்பி வந்து, குளித்துவிட்டு டீ குடித்ததும் தமிழ், ஒன்றரை மணி நேரம். பி ஷிப்ட் வாரம்: காலைச் சாப்பாடு முடிந்ததும் கணக்கு, பஸ் பிடிக்கும் வரை. இதுதான் உங்களுக்கு நல்ல வாரம், அதிகம் வையுங்கள். சி ஷிப்ட் வாரம்: புதிதாக எதுவும் வேண்டாம். பஸ்ஸில் காதில் கேட்கிற பாடம், மாலை எழுந்ததும் பழையதைத் திருப்புதல் ஒரு அரை மணி, போதும். "இது முடிந்ததும் இது" என்று எழுதுவதற்கும் "நிறையப் படிப்பேன்" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியிருக்கிறார். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், அந்த நேரத்தில் மனசோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

---

வெற்றிப்படிக்கட்டு (கிருஷ்ணகிரி)

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் ப்ரோ!

---

பழைய_நூலகர் (தருமபுரி)

மறுபடியுமா தம்பி! லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் அளந்து பார்த்ததில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள், பழக்கத்துக்குப் பழக்கம் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. 22-ஆம் நாள் பழக்கமாகவில்லையே என்று யாரும் விட்டுவிட வேண்டாம்.

---

வெற்றிப்படிக்கட்டு (கிருஷ்ணகிரி)

சரி ஐயா, இனிமேல் உங்களிடம் கேட்டுவிட்டே போடுகிறேன் 😄 ஒரு சந்தேகம்: குறிக்கோளை நாலு பேரிடம் சொல்லலாமா, கூடாதா?

---

குழு_அக்கா (காரிமங்கலம்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி உதவியோடு தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்த ஒரே மாவட்டம், 2004-ல் பிரித்தார்கள்.

குழுவில் "மகளைப் படிக்க வைக்கப் போகிறேன்" என்று சொன்னால் யாரும் கை தட்ட மாட்டார்கள். எந்தக் காலேஜ், எந்த மாதம் கட்டணம், பால் பணமா கூலிப் பணமா, மழை பெய்து வேலை இல்லாத வாரம் என்ன செய்வாய் என்று கேள்வி வரும். கேட்பது அதிகாரி இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. மழுப்ப முடியாது. பிறகு தீர்மான நோட்டில் ஏறும், அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் வாசிப்பார், கட்டினாயா இல்லையா என்பது எல்லார் முன்னாலும் தெரியும். கட்டாதவளைத் திட்ட மாட்டோம், என்ன ஆச்சு என்று கேட்போம். மாடு படுத்துவிட்டது என்றால் தவணையை மாற்றி எழுதுவோம். மாற்றியதும் நோட்டில் இருக்கும்.

ஊருக்கெல்லாம் சொல்லி வாழ்த்து வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. வாராவாரம் கணக்குக் கேட்கிற நாலு பேர் வேண்டும்.

---

பழைய_நூலகர் (தருமபுரி)

அக்கா சொன்னதுக்கு ஒரு வரி: மேலே வந்த அதே கோல்விட்சர் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், "நான் இப்படி ஆகப்போகிறேன்" என்று மற்றவர் அறியச் சொன்னவர்கள் பிறகு குறைவாகவே உழைத்தார்கள். சொன்னபோதே பாதி ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறதாம். வாட்ஸப் ஸ்டேட்டஸில் குறிக்கோள் போடுபவர்கள் கவனிக்க.

---

மட்டுறுத்துநர்

மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். கம்பெனி, வங்கிப் பெயர் போட்டுப் புகார் எழுத வேண்டாம்.

---

சிஷிப்ட்_காரன் (ராயக்கோட்டை)

சூப்பர்வைசரிடம் பேசினேன். முதலில் முகம் மாறியது. சீட்டைக் காட்டியதும் உட்காரச் சொன்னார். ஒன்பது வரி மூன்றானது: செட்டிங் டைம், சிவப்பும் மஞ்சளும் சேர்த்த எண்ணிக்கை, புதிதாக வந்த டர்ன்மில் மெஷினில் (லேத், மில்லிங் இரண்டும் செய்வது) உற்பத்தி. மூன்றாவது வரியைப் பற்றித்தான் யோசனை, அந்த மெஷின் எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

---

கேஜ்_மாஸ்டர் (ஓசூர்)

நல்ல சூப்பர்வைசர், விடாதீர்கள். மூன்றாவது வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். தெரியாத வேலைக்கு ஆரம்பத்திலேயே எண் வைத்தால் ஆள் பதறுவான், கற்க மாட்டான். அந்த மாதிரி இடத்தில் கற்கும் இலக்குதான் நல்லது என்று லாக்கும் லேதமுமே சொல்லியிருக்கிறார்கள். "முதல் காலாண்டில் இந்த மூன்று பார்ட் நம்பரையும் உதவி இல்லாமல் செட் செய்யக் கற்பேன்" என்று எழுதுங்கள். உற்பத்தி எண் அடுத்த காலாண்டில் வரட்டும். அதில் சூப்பர்வைசரின் இனிஷியலும் இருக்கட்டும். ஆள் மாறினால் பேச்சு மாறும், தாள் மாறாது.

---

குழு_அக்கா (காரிமங்கலம்)

கம்பெனியும் தேர்வும் முடிந்தது. தம்பி, வீட்டில் கேட்டீர்களா? உங்கள் திட்டத்தில் குளித்ததும் டீ தயாராக இருக்கிறது, சாப்பாடு முடிந்ததும் புத்தகம் திறக்கிறது. அந்த டீ யார் போடுவது? உங்கள் அம்மாவுக்கு இந்த வருடம் என்ன வேண்டும் என்று அந்த டைரியில் எங்காவது இருக்கிறதா, பால் கணக்கைத் தவிர?

---

சிஷிப்ட்_காரன் (ராயக்கோட்டை)

இன்று கேட்டேன் அக்கா. அம்மா யோசிக்கவே இல்லை. மாட்டுக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்றார். அப்பாவும் அதையேதான் சொன்னார். ஏ ஷிப்ட் வார ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு ஒதுக்கிவிட்டேன், அன்று புத்தகம் இல்லை. பணத்துக்கு இரண்டு மாத ஓ.டி. போதும் என்று நினைக்கிறேன். தகரம் போடலாமா, சிமென்ட் ஷீட்டா?

---

பட்டுக்கூடு (பாலக்கோடு)

தகரம் விலை குறைவு, ஆனால் சித்திரை வெயிலில் மாடு உள்ளே நிற்காது, பாலும் குறையும். தகரம்தான் என்றால் உயரமாகத் தூக்கிப் போட்டு, மேலே தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டிவிடுங்கள், சூடு இறங்கும். மழை வரும் திசையில் சரிவு இரண்டு அடியாவது கூடுதலாக வெளியே நீளட்டும், இல்லாவிட்டால் சாரல் தீவனத்தை நனைக்கும். மரச்சட்டம் பழையதே போதுமா என்று ஆசாரியைக் கூட்டி வந்து ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு ஷீட் வாங்கப் போங்கள்.